இலை சுருண்டால் எங்கே பார்ப்பது? – இணையவழிச் சிறு வியாபாரத்தில் மூலகாரணம் தேடுதல்

மிளகாய்த் தோட்டம் செய்தவர்களுக்கு இது தெரிந்த விடயம். இலை சுருண்டால் உடனே மருந்துக் கடைக்கு ஓடுகிறவரும் உண்டு, இலையைப் புரட்டிப் பார்க்கிறவரும் உண்டு. இலை மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் அது பெரும்பாலும் பனிப்பூச்சியின் வேலை. கீழ்நோக்கிச் சுருண்டிருந்தால் பெரும்பாலும் சிற்றுண்ணி. சிற்றுண்ணி பூச்சி இனமே அல்ல. பூச்சிக்கு அடிக்கும் மருந்துகள் பல அதற்குப் பிடிக்காது. அதுமட்டுமல்ல, சிற்றுண்ணியைத் தின்னும் நல்ல பூச்சிகளை அந்த மருந்து கொன்றுவிடுவதால், அடித்த பிறகு சுருட்டல் கூடுவதும் உண்டு. மருந்துக்குக் கொடுத்த காசும் போய், கன்றும் போய்விடும்.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு இன்று அந்தத் தோட்டம் இல்லை. வலிகாமம் வடக்கில் இருந்து 1990 இல் வெளியேறிய குடும்பங்களுள் தங்கள் செம்மண்ணுக்குத் திரும்பியவர்களும் உண்டு, இன்னும் திரும்பாதவர்களும் உண்டு. உறவினர் வளவிலும் வாடகைக் காணியிலும் இருந்துகொண்டு தோட்டம் செய்வது எப்படி என்று கேட்டுக் கேட்டுக் களைத்துப்போன சிலர், இப்போது கையில் உள்ள தொலைபேசியையே கடையாக்கியிருக்கிறார்கள். ஒடியல் மா, ஊறுகாய், வடகம், கறித்தூள், தைத்த உடுப்பு என்று முகநூலில் படம் போட்டு, வட்ஸ்அப்பில் ஓடர் எடுத்து, கூரியரில் அனுப்புகிறார்கள். இது நல்ல முயற்சி. ஆனால் வியாபாரம் படுத்தவுடன் நாங்கள் செய்வது அதே மருந்துக்கடை ஓட்டம்தான். கடன் எடுக்கிறோம், விளம்பரத்துக்குக் காசு கட்டுகிறோம், விலையைக் குறைக்கிறோம். இலையைப் புரட்டிப் பார்ப்பது குறைவு.

எப்படிப் புரட்டிப் பார்ப்பது என்பதைத்தான் இந்தப் பாடத்தில் படிக்கப் போகிறோம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையோடு படிப்போம். பெயரும் ஊரும் தேவையில்லை. அவர்கள் சம்மதித்தபடியால் கணக்கை மட்டும் தருகிறேன்.

கறித்தூள் வியாபாரம்

தாயும் மகளும் வறுத்த கறித்தூள் விற்றார்கள். வெளிநாட்டில் உள்ள தம்பி அனுப்பிய 60,000 ரூபாவுடன் தொடங்கினார்கள். செத்தல் மிளகாயும் மல்லியும் மற்றச் சரக்குகளும் வாங்கி, வறுத்து, மில்லில் கொடுத்து ஒரே தடவையில் 30 கிலோ அரைத்து எடுத்தார்கள். பொலித்தீன் பைகளை ஒட்டும் சிறிய இயந்திரமும் வாங்கினார்கள். அரைக் கிலோப் பொதி 1,400 ரூபா. வாங்குகிறவர் பொதி கைக்கு வந்த பின்பு கூரியர்காரரிடம் காசு கொடுப்பார்.

முதல் மாதம் 22 ஓடர். இரண்டாம் மாதம் 35. மூன்றாம் மாதம் 41. வீட்டில் எல்லாருக்கும் சந்தோசம். நான்காம் மாதம் 26 ஆக விழுந்தது. தாயார் ஒரு சோடிக் காப்பை அடகு வைத்து 15,000 ரூபாவை முகநூல் விளம்பரத்துக்குக் கட்டினார். ஐந்தாம் மாதம் 33 வந்தது. ஆறாம் மாதம் 14.

அந்த நிலையில்தான் என்னிடம் வந்தார்கள். "விளம்பரம் காணாது ஃபாதர். இன்னொரு கடன் எடுக்க ஒரு கடிதம் தருவீங்களோ?" என்று தாயார் கேட்டார். கூரியர்காரர் பொதிகளைத் திருப்பி அனுப்புகிறார் என்றும், தென்னிலங்கைக் கொம்பனித் தூளோடு போட்டி போட ஏலாது என்றும் சொன்னார். மகள் ஒன்றும் பேசவில்லை.

குருமடத்தில் அரிஸ்டோட்டிலின் நான்கு வகைக் காரணங்களைப் பாடமாக்கிப் பரீட்சை எழுதியவன் நான். ஒரு கறித்தூள் பையின் முன்னால் அது எனக்கு உடனே உதவவில்லை. கடிதத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் தொலைபேசியையும் ஒரு கொப்பியையும் எடுங்கள் என்றேன்.

தண்ணீர் எந்த வளைவில் கசிகிறது?

கிணற்றில் மெசின் ஓடுகிறது, கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? மெசினைக் கூட்டி வைக்கமாட்டீர்கள். வாய்க்கால் வழியே நடந்து, ஒவ்வொரு வளைவிலும் நின்று, எந்த இடம் வரை தண்ணீர் சரியாக வருகிறது என்று பார்ப்பீர்கள். வியாபாரத்துக்கும் அப்படி வளைவுகள் உண்டு. படத்தைப் பார்த்து விசாரிக்கிறார்கள், விசாரித்தவர்களில் சிலர் ஓடர் தருகிறார்கள், பொதி போகிறது, பொதியை ஏற்றுக் காசு கொடுக்கிறார்கள், மீண்டும் வாங்குகிறார்கள். இந்த ஐந்து இடத்திலும் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். எண்ணாமல் "ஏன்" என்று கேட்டால் மனத்தில் ஏற்கெனவே உள்ள பதில்தான் வாயில் வரும்.

ஆறு மாத வட்ஸ்அப் செய்திகளை ஒன்றொன்றாகப் பார்த்து எழுத மகளுக்கு இரண்டு பின்னேரங்கள் எடுத்தன. அதில் வந்தது இதுதான். விசாரித்தவர்களில் ஓடர் தந்தவர்களின் பங்கு தொடக்கத்திலும் பின்பும் ஏறக்குறைய ஒன்றே. திரும்பி வந்த பொதிகள் நல்ல மாதத்திலும் பத்துக்கு ஒன்று, கெட்ட மாதத்திலும் பத்துக்கு ஒன்று. அது நட்டம்தான், ஆனால் மாறாமல் இருந்த ஒன்று, மாறிப்போன ஒன்றுக்குக் காரணமாக முடியாது. எனவே கூரியர்காரரை ஒரு பக்கத்தில் வைத்தோம்.

மீண்டும் வாங்கியவர்களின் கணக்குத்தான் எல்லாரையும் நிமிரச் செய்தது. முதல் இரண்டு மாதங்களில் புதிதாக வாங்கியவர்கள் 48 பேர். அவர்களில் 21 பேர் மீண்டும் வாங்கியிருந்தார்கள். அடுத்த மூன்று மாதங்களில் புதிதாக வாங்கியவர்கள் 63 பேர். அவர்களில் மீண்டும் வாங்கியவர்கள் 5 பேர் மட்டும். முன்பு மீண்டும் மீண்டும் வாங்கியவர்களும் ஆறாம் மாதத்தில் ஒதுங்கத் தொடங்கியிருந்தார்கள்.

தண்ணீர் கடைசி வளைவில் கசிந்துகொண்டிருந்தது. அடகு வைத்த காப்பின் காசில் போட்ட விளம்பரம் புதியவர்களைக் கொண்டுவந்தது உண்மை. அந்தப் புதியவர்களும் அதே வளைவால் போய்விட்டார்கள்.

மீண்டும் வாங்காத 58 பேரில் 12 பேருக்கு மகள் தொலைபேசி எடுத்தாள். விற்பதற்கு அல்ல, "எங்கட தூளில என்ன குறை?" என்று கேட்பதற்கு. இரண்டு பேர் எடுக்கவில்லை. இரண்டு பேர் இன்னும் தூள் இருக்கிறது என்றார்கள். மற்ற எட்டுப் பேரும் ஏறக்குறைய ஒன்றையே சொன்னார்கள்: தூள் கட்டிபட்டிருந்தது, மணம் இல்லை, சிலருக்குப் பூஞ்சண மணம். ஒருவரும் முன்பு முறையிடவில்லை. எங்கள் சனம் அப்படித்தான். இடம்பெயர்ந்த குடும்பம் பாவம் என்று பேசாமல் இருந்துவிட்டு, அடுத்த முறை கடையில் வாங்கிக்கொள்வார்கள்.

ஏன், ஏன் என்று கீழே இறங்குதல்

யப்பான் நாட்டில் டொயோட்டா மோட்டார் தொழிற்சாலையில் ஒரு பழக்கம் இருந்தது. பிரச்சினை வந்தால் ஐந்து தடவை "ஏன்" என்று கேட்க வேண்டும். அந்தத் தொழிற்சாலையின் உற்பத்தி முறையை வளர்த்தெடுத்த தாய்ச்சி ஓனோ என்ற பொறியியலாளர் 1978 இல் வெளியிட்ட நூலில் இதை ஓர் உதாரணத்தோடு விளக்குகிறார். இயந்திரம் நின்றது, ஏன்? சுமை கூடிப் பியூஸ் போனது. சுமை ஏன் கூடியது? பெயாரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? எண்ணெய் பம்பி சரியாக இறைக்கவில்லை. ஏன்? பம்பியின் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன் தேய்ந்தது? வடி பொருத்தாதபடியால் இரும்புத் துகள் உள்ளே போய்விட்டது. முதல் "ஏன்" உடன் நிறுத்தியவர் புதுப் பியூஸ் போடுவார், கொஞ்ச நாளில் இயந்திரம் மீண்டும் நிற்கும். கடைசி வரை போனவர் ஒரு வடியைப் பொருத்துவார். கிணற்று மெசினோடு மல்லுக்கட்டிய எவருக்கும் இதை நான் விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

ஐந்து என்பது வேத வாக்கல்ல. மூன்றிலும் முடியலாம், ஏழும் ஆகலாம். ஒவ்வொரு பதிலுக்கும் கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும் என்பதே முக்கியம். அந்தக் குடும்பத்தோடு நாங்கள் இறங்கிய படிகள் இவை.

தூள் ஏன் கட்டிபட்டது? சூட்டோடு பொதி செய்தபடியால் என்று மகள் மெல்லச் சொன்னாள். வறுத்த சரக்கில் உள்ள சூடு ஒரு பக்கம், மில்லில் அரைபடும்போது உராய்வால் ஏறும் சூடு மற்றப் பக்கம். அந்தச் சூட்டோடு பையை ஒட்டினால் தூளில் உள்ள ஈரம் ஆவியாகிப் பைக்குள்ளேயே வியர்க்கும். அந்த ஈரத்தில் தூள் கட்டிபடும், பூஞ்சணமும் பிடிக்கும். இதை நாங்கள் சும்மா நம்பவில்லை. ஒரு பையைச் சூட்டோடும், அதே தூளில் இன்னொரு பையை இரவு முழுக்க ஆறவிட்டும் ஒட்டி, ஒரு கிழமை வைத்துத் திறந்தோம். முதற்பையின் உட்பக்கத்தில் தூள் ஒட்டியிருந்தது. மற்றது உதிரியாக இருந்தது. (பூஞ்சணம் பிடித்த மிளகாயையோ தூளையோ வறுத்துச் சரிப்படுத்தலாம் என்று எண்ண வேண்டாம். சில பூஞ்சணங்கள் உண்டாக்கும் அஃப்ளாடொக்ஸின் என்ற நஞ்சு வறுத்தாலும் முற்றாக அழியாது. அப்படியானதை எறிந்துவிடுங்கள்.)

ஏன் சூட்டோடு பொதி செய்தார்கள்? மில்லில் இருந்து வீடு வர மத்தியானம் ஆகும், கூரியர்காரர் மூன்று மணிக்கு வந்துவிடுவார். ஏன் அன்றே அரைத்து அன்றே அனுப்ப வேண்டும்? "ஓடர் தந்த அடுத்த நாளே அனுப்புவோம்" என்று பக்கத்தில் போட்டிருந்தார்கள். அதை எந்த வாடிக்கையாளரும் கேட்கவில்லை. மற்றவர்களின் பக்கங்களைப் பார்த்து அவர்களே போட்டுக்கொண்ட வாக்குறுதி அது.

சரி, முன்கூட்டியே அரைத்து ஆறவைத்து வைத்திருக்கலாமே, ஏன் செய்யவில்லை? சரக்கு வாங்கக் கையில் காசு இல்லை. ஓடர் வந்த பின்புதான் கிலோக் கணக்கில் சில்லறையாக வாங்கி அரைத்தார்கள்.

இந்த இடத்தில் நான் ஒரு குறுக்குக் கேள்வி கேட்டேன். அப்படியானால் முதல் இரண்டு மாதம் ஏன் தூள் நன்றாக இருந்தது? உண்மையான காரணம் என்றால் கெட்ட காலத்தை மட்டுமல்ல, நல்ல காலத்தையும் அது விளக்க வேண்டும். தாயார் உடனே பதில் சொன்னார்: முதல் 30 கிலோவைத் தம்பியின் காசில் ஒரே தடவையில் அரைத்து, பாயில் பரப்பி, இரண்டு நாள் ஆறவிட்டுத்தான் பொதி செய்தார்கள். முதல் இரண்டு மாதத்து 57 ஓடருக்கும் போனது அந்தத் தூள். அது முடிந்த பிறகுதான் சூட்டுத் தூள் போகத் தொடங்கியது. இந்தப் பதிலோடுதான் நாங்கள் சரியான வழியில் இறங்குகிறோம் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

வியாபாரம் வளர்ந்துகொண்டிருந்தபோது கையில் ஏன் காசு இல்லாமல் போனது? கூரியர்காரர் வாங்குகிறவரிடம் எடுக்கும் காசு இவர்கள் கைக்கு வர ஏறக்குறைய இரண்டு கிழமை சென்றது. மூன்றாம் மாதத்தில் கிழமைக்குப் பத்துப் பொதி. பத்துப் பொதிக்கு 14,000 ரூபா. இரண்டு கிழமைக்கு 28,000. அதாவது எந்த நாளில் பார்த்தாலும் 28,000 ரூபா வழியில் நின்றது. ஓடர் கூடக் கூட வழியில் நிற்கும் காசும் கூடும். கொப்பியில் இலாபம் தெரியும், சரக்குக் கடையில் கொடுக்கக் காசு இராது. இதற்கு ஒரு கிளையும் உண்டு. கைக்கு வந்த காசு வீட்டுச் செலவுக் காசோடு ஒரே பேணியில் கிடந்தது. பிள்ளைகளின் பாடசாலைச் செலவும் மின்சாரக் கட்டணமும் அதில் இருந்தே போயின. யாரும் ஊதாரித்தனம் செய்யவில்லை. ஆனால் எது சரக்குக் காசு, எது சோற்றுக் காசு என்று யாருக்கும் தெரியாது.

ஆக, "விளம்பரம் காணாது" என்று தொடங்கிய தேடல் வழியில் நிற்கும் காசிலும் ஒரு பேணியிலும் வந்து நின்றது. நான் கடிதம் கொடுத்து, அவர்கள் கடன் எடுத்து, மீண்டும் விளம்பரம் போட்டிருந்தால் இன்னும் நூறு வீடுகளுக்குக் கட்டிபட்ட தூள் போயிருக்கும். நுண்கடன் எங்கள் பெண்களை என்ன பாடுபடுத்தியது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

ஏன் என்பது யார் என்று மாறும் ஆபத்து

இரண்டாவது படியில், சூட்டோடு பொதி செய்தது தெரிந்தவுடன், தாயார் மகள் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?" அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் காரணம் மகள் என்று முடிந்திருக்கும். பெரும்பாலான குடும்பங்களிலும் சங்கங்களிலும் தேடல் இப்படித்தான் முடிகிறது. ஓர் ஆளைக் கண்டுபிடித்தவுடன் எல்லாருக்கும் ஆறுதல். ஆனால் மூன்று மணிக்குக் கூரியர்காரர் வாசலில் நிற்க, ஆறவிட நேரம் இல்லாத நிலையில், அந்தப் பிள்ளையின் இடத்தில் யார் இருந்தாலும் அதையே செய்திருப்பார்கள். எனவே பதிலில் ஓர் ஆளின் பெயர் வந்தால் இன்னும் ஒரு "ஏன்" பாக்கி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அன்று மகள் முதலில் பேசாமல் இருந்ததற்கும் இதுவே காரணம். ஏச்சு விழும் வீட்டில் உண்மை கடைசியாகத்தான் வெளியில் வரும்.

எதிர்ப் பக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. எங்கள் செயலமர்வுகளில் பெரிய கடதாசியில் பிரச்சினை மரம் வரையச் சொல்வோம். எந்த ஊரில் வரைந்தாலும் வேரில் மூன்று சொற்கள் வந்துவிடும்: வறுமை, போர், அரசாங்கம். பொய்யல்ல. இந்தக் குடும்பமும் தன் சொந்தத் தோட்டத்தில் இருந்திருந்தால் செத்தலைக் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. தூள் வியாபாரத்துக்கே வந்திருக்கவும் தேவையில்லை. காணி இல்லாதது மெய்யான வேர், அதை நாங்கள் மறக்கவும் கூடாது, மற்றவர்களை மறக்க விடவும் கூடாது. பிரதேச செயலகத்திலும் மற்ற இடங்களிலும் அந்தக் கேள்வியைக் கூட்டாகக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் வருகிற புதன்கிழமை அனுப்ப வேண்டிய தூளுக்கு அந்தப் பதில் உதவாது. வியாபாரத்தின் காரணத்தைத் தேடும்போது, எங்கள் கையால் தோண்டக்கூடிய ஆழத்தில் உள்ள கடைசி வேர் எது என்று பார்த்து அங்கே மண்வெட்டியை வைப்போம்.

என்ன செய்தார்கள்?

கடன் எடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த "அடுத்த நாளே" என்பதை எடுத்துவிட்டு, "ஒவ்வொரு புதன்கிழமையும் அனுப்புவோம்" என்று போட்டார்கள். திங்கள் அரைப்பு, இரவு முழுக்கப் பரப்பி ஆறவிடல், செவ்வாய் பொதி செய்தல், புதன் அனுப்பல். ஒருவர்கூட ஏன் தாமதம் என்று கேட்கவில்லை. பலமுறை வாங்கிய 21 பேரிடமும், வங்கியில் முன்கூட்டியே காசு போட்டால் அரைக் கிலோவுக்கு 100 ரூபா குறைத்துத் தருவோம் என்று கேட்டார்கள். 13 பேர் சம்மதித்தார்கள். அந்தக் காசில்தான் திங்கட்கிழமைச் சரக்கு வாங்கப்படுகிறது. பேணி இரண்டாயிற்று. குறை சொன்ன எட்டுப் பேருக்கும் காசு வாங்காமல் புதுப் பொதி அனுப்பினார்கள். மற்ற ஐம்பது பேருக்கும் அனுப்ப வசதியில்லை, மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி மட்டும் அனுப்பினார்கள்.

மூன்று மாதத்தில் ஓடர் 29 க்கு வந்தது. 41 ஐ இன்னும் எட்டவில்லை. போனவர்களில் பலர் திரும்பி வரவேயில்லை. காப்பு இன்னும் அடகில்தான் இருக்கிறது, ஆனால் வட்டி ஒழுங்காகக் கட்டப்படுகிறது. திரும்பி வரும் பொதிகள் இன்னும் பத்துக்கு ஒன்றுதான். அதற்கு வேறு வேர் இருக்க வேண்டும். பிழையான விலாசமா, எடுபடாத தொலைபேசியா, சம்பளத்துக்கு முந்திய கிழமையா என்று மகள் இப்போது வேறொரு பக்கத்தில் எழுதி வருகிறாள். ஒரு பிரச்சினைக்குப் பல காரணங்கள் ஒன்றாகச் சேர்வதும் உண்டு. கவோரு இஷிகாவா என்ற யப்பானியப் பேராசிரியர் அதற்காக மீன்முள் வடிவில் ஒரு படம் வரையச் சொல்லித் தந்தார். அதை இன்னொரு பாடத்தில் பார்ப்போம்.

குழுவாகச் செய்வதற்கு

வியாபாரம் செய்யும் ஒருவரின் கணக்கை மட்டும் ஒரு கூட்டத்துக்கு எடுங்கள். கடைசி மூன்று மாதத்தை விசாரித்தவர், ஓடர் தந்தவர், அனுப்பியது, ஏற்றது, மீண்டும் வாங்கியது என்று ஐந்து நிரலில் எழுதுங்கள். எந்த வளைவில் குறைகிறது என்று எல்லாரும் பார்த்த பிறகுதான் "ஏன்" கேட்கத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் "எப்படித் தெரியும்?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்கட்டும். சாட்சி இல்லாத பதிலுக்குக் கீழே கோடிட்டு, அதைப் பார்த்துவர ஒருவரை நியமியுங்கள். வியாபாரம் செய்பவரை யாரும் ஏசாமல் பார்த்துக்கொள்வது கூட்டத் தலைவரின் பொறுப்பு.

கணக்கு எழுதும் பழக்கம் இல்லாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். தொலைபேசியை அப்படியே கொண்டுவாருங்கள். பழைய செய்திகளை மட்டும் இடம் காணாது என்று அழித்துவிடாதீர்கள்.